பெட்டைக் குட்டிக்கும் ஒரு வளவு

நாய் ஈன்ற வீட்டின் படலையில் வந்து நிற்பவர், அவ்வீடு எழுவான்கரையின் கடலோரக் கிராமமொன்றில் இருப்பினும் சரி, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையின் வயலோரத்தில் இருப்பினும் சரி, முதலில் கேட்பது "மச்சாள், கடுவன் குட்டி இரிக்கா?" என்பதே. நிறத்தைப் பற்றிய விசாரணை அதற்குப் பின்னர் வரும். தாயின் குணத்தைப் பற்றிய விசாரணை பெரும்பாலும் வருவதேயில்லை. கண் திறந்து இரண்டொரு வாரங்களுக்குள் கடுவன்கள் யாவும் பங்கிடப்பட்டுப் போய்விட, எவரும் கேளாத பெட்டைக் குட்டிகள் தாயின் மடியில் இன்னுஞ் சில நாட்கள் கிடந்து, பின்னர் ஓர் உரப்பைக்குள் இடப்பட்டு, இருட்டிய நேரத்தில் சந்தையின் பின்புறத்திலோ, கோயில் வீதியிலோ, மீன் வாடிகளுக்கு அருகிலோ இறக்கிவிடப்படுகின்றன. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் அலைகின்ற கட்டாக்காலி நாய்களின் பிறப்பை ஆராய்வோமாயின், அவற்றுட் பெரும்பாலானவை அந்த உரப்பையில் வந்தவையாகவோ, அதில் வந்த ஒரு தாயின் வயிற்றிற் பிறந்தவையாகவோ இருக்கக் காண்போம் என்பது என் அபிப்பிராயம். ஆகவே, ஒரு நாய்க்குட்டியைப் பொறுப்புடன் தெரிந்தெடுப்பது எவ்வாறு என்று எவரேனும் வினவினால், ஏனைய விதிகளையெல்லாம் பின்னுக்கு வைத்துவிட்டு நான் முதலிற் சொல்ல விரும்புவது இதுதான்: பெட்டைக் குட்டியைக் கேட்டு வாங்குங்கள், உரிய பருவத்தில் அதற்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வியுங்கள்.

பெட்டையை வேண்டாமென்போர் காரணமின்றி அவ்வாறு சொல்வதில்லை. வளர்ந்த பெட்டை நாய் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கொரு முறை பருவத்துக்கு வரும். அக்காலத்தில் ஊரிலுள்ள கடுவன்கள் யாவும் வேலியைச் சுற்றி நின்று இரவு முழுவதும் சண்டையிடும். கிடுகு வேலியாயின் அது பிய்ந்து போகும். கருவுற்று 63 நாட்களளவில் நான்கு முதல் எட்டு வரையான குட்டிகள் அடுக்களைக் கோடியிற் கிடக்கும். தானே ஒரு வேளைச் சோற்றுக்குக் கணக்குப் பார்க்கின்ற குடும்பம் அத்தனை வாய்களுக்கும் எங்கே போகும்? இவ்வளவும் உண்மையே. ஆயின், இத்தனை தொல்லைகளும் ஒரேயொரு சத்திரசிகிச்சையினால் நீங்கிவிடுகின்றன என்பதும், அச்சிகிச்சை நாய்க்கு ஆறு மாதமளவில், அதாவது முதற் பருவம் வருமுன்னரே செய்யப்படலாம் என்பதும், பத்துப் பன்னிரண்டு நாட்களில் தையல் ஆறிவிடும் என்பதும் நம்மவருட் பலருக்கு இன்னும் எட்டாத செய்திகளாகவே இருக்கின்றன. கருத்தடை செய்யப்பட்ட பெட்டை வளவை விட்டு அதிகம் அலைவதில்லை. கருப்பையிற் சீழ் பிடித்து இறக்கும் ஆபத்து அதற்கு இல்லை. முதற் பருவத்துக்கு முன்னர் சிகிச்சை பெற்றதாயின் முலைக்கட்டி தோன்றும் வாய்ப்பும் வெகுவாகக் குறைகிறது. காவலைப் பொறுத்தவரை, அந்நியன் படலையைத் தொட்டவுடன் குரைப்பதற்குக் கடுவனாகப் பிறந்திருக்க வேண்டுமென்ற நியதி எதுவுமில்லை என்பதை நாய் வளர்த்த எந்தக் குடும்பமும் அறியும்.

"வாயில்லா ஜீவனின் தாய்மையைப் பறிப்பது பாவமல்லவா?" என்று மெய்யான வேதனையுடன் கேட்கும் முதியோர் நம்மிடையே உளர், அவர்களுடைய கேள்வியை நான் அற்பமாக எண்ணவில்லை. ஜீவகாருண்யம் என்பது நமது மக்களின் இரத்தத்தோடு கலந்த குணமாதலால், உடலில் ஆயுதம் படுவது அவர்களுக்குக் கொடுமையாகத் தோன்றுவது இயல்பே. எனினும், அதே வீட்டில் ஆண்டுக்கிருமுறை நிகழ்கின்ற மற்றைய காரியத்தை அருகில் வைத்து நோக்க வேண்டும். உரப்பையிற் கட்டி விடப்பட்ட ஐந்து குட்டிகளுள் இரண்டு முதலிரவின் பனியிலோ மழையிலோ விறைத்து இறக்கும். ஒன்று விடிவதற்குள் பஸ் சில்லில் அகப்படும். எஞ்சியவை உடலெல்லாஞ் சொறி பிடித்து, கல்லெறிக்கும் கொதிநீருக்கும் அஞ்சி ஒதுங்கி, அதன் பின்னும் உயிர் தப்பினால் அடுத்த ஆண்டில் தாமும் ஈனும். இவற்றைக் கையாற் கொல்லவில்லை என்ற ஆறுதல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, கொலையின் பழியைத் தெருவின்மீதும் மழையின்மீதும் வாகனத்தின்மீதும் சுமத்திவிட்டு வீடு திரும்புவதைக் கருணையென்று எவ்வாறு சொல்வது? பாண்டிருப்பிலும் பழுகாமத்திலும் திரௌபதை அம்மன் சந்நிதிகளில் பாரதக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சுவர்க்கத்தின் வாசல்வரை தன்னைத் தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டு வரும்படி இந்திரனே சொல்லியும், அடைக்கலமாக வந்ததைத் துறந்து பெறும் சுவர்க்கம் தனக்கு வேண்டாமென மறுத்து நின்ற தருமரின் சரிதம் நமக்குப் புதியதன்று. கைவிடுதல் பெரும் பாவமென்று அக்கதை கூறுகிறது. சத்திரசிகிச்சையைப் பற்றி அது எதுவும் கூறவில்லை.

இது தனிப்பட்ட ஒரு குடும்பத்தின் தர்மசங்கடம் மட்டுமன்று, பொதுச் சுகாதாரத்தின் பெரும் பிரச்சினையுமாகும். இலங்கையில் விசர்நாய்க்கடி நோயைத் தடுப்பதற்கென 1893ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டளைச் சட்டம் பிறந்தது. வளர்ப்பு நாய்களைப் பதிவு செய்யவேண்டுமென்ற கட்டளைச் சட்டம் 1901ஆம் ஆண்டில் வந்தது. இவற்றைத் துணையாகக் கொண்டு உள்ளூராட்சி மன்றங்கள் பல தசாப்தங்களாகத் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தன. அவ்வாறு கொன்றும் நோய் அடங்கியதா எனில், 1973ஆம் ஆண்டில் மட்டும் 377 பேர் அந்நோயினால் இந்நாட்டில் மடிந்தனர் என்ற கணக்கே விடை சொல்லும். தெருவொன்றில் நாய்கள் அழிக்கப்பட்டால், அங்கே கிடைக்கும் கழிவுணவைத் தேடி அயற்றெருவிலிருந்து வேறு நாய்கள் வந்துசேர்வதும், நம் வீடுகளிலிருந்து புதிய உரப்பைகள் வந்து இறங்குவதும் நின்றபாடில்லை. அடுத்துவந்த காலத்தில் நாய்களுக்குப் பரவலாகத் தடுப்பூசி ஏற்றியதனாலும், கடியுண்டோருக்கு அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாக மருந்து கிடைத்ததனாலுமே மரணங்கள் படிப்படியாகக் குறைந்து, இன்று ஆண்டொன்றுக்குச் சில பத்துகள் என்ற நிலைக்கு இறங்கியுள்ளன. நாய்களைக் கொல்வதில்லை என்ற கொள்கையை அரசாங்கம் 2006ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டில் கொழும்பு மாநகரில் தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, ஊசி ஏற்றி, பிடித்த இடத்திலேயே மீண்டும் விடும் திட்டமொன்று தொடங்கியது. கொல்லாமை என்னும் அக்கொள்கையை நான் முழுமனதுடன் ஆதரிக்கிறேன். ஆயின், கருத்தடையும் தடுப்பூசியும் அதனோடு கைகோத்துச் செல்லாத இடத்தில், அக்கொள்கையின் சுமை முழுவதும் பட்டினி கிடக்கும் நாயின் மீதும், பாடசாலைக்கு நடந்து செல்லும் பிள்ளையின் மீதுமே விழுகின்றது. ஓரிடத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி ஏறியிருந்தால் அங்கே நோய் பரவ வழியின்றி ஓய்ந்துவிடும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகின்றது. அந்த எழுபதில் நம் வீட்டு நாயும் ஒன்றாக இருக்கவேண்டுமென்பது சிறிய கோரிக்கையே.

இனி, குட்டியைத் தெரிந்தெடுக்கும் முறைக்கு வருவோம். கால்விரல் நகங்களை எண்ணிப் பார்ப்போரும், வாயைத் திறந்து மேலண்ணத்திற் கறுப்பைத் தேடுவோரும், பிடரியைப் பிடித்துத் தூக்கி அது கத்துகிறதா இல்லையா என்று பரீட்சிப்போரும் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றனர். இவற்றால் நாயின் குணத்தை அறிய முடியாது. எருமைப் பட்டி வைத்திருக்கும் படுவான்கரைக் குடியானவர்களோ வேறு விதமாகத் தெரிவு செய்வர்: அவர்கள் குட்டியைப் பார்ப்பதற்கு முன் தாயைப் பார்ப்பார்கள். மாட்டைக் கண்டு மிரளாத, அயலாரைக் கண்டபடி கடிக்காத, யானை வரும் இரவில் வாடிக்குள் ஒளிந்துகொள்ளாமல் நின்று குரைத்து எழுப்பிவிடுகின்ற தாயென்றால், அதன் குட்டிக்காக எத்தனை நாட்களும் காத்திருப்பார்கள். அனுபவத்தாற் பெற்ற அந்த விவேகத்துக்கு மிருக வைத்தியர்களும் மாறு சொல்வதில்லை. மனிதரை அஞ்சி நடுங்குகின்ற தாயினிடத்து வளர்ந்த குட்டி, அந்த அச்சத்தையும் பாலோடு சேர்த்தே கற்றுக்கொள்கிறது.

காத்திருத்தல் என்பது இன்னொரு வகையிலும் அவசியமாகின்றது. பிறந்த நான்காவது வாரத்திலேயே குட்டியைத் தூக்கிக்கொண்டு போவது நமது வழக்கமாயினும், எட்டாவது வாரம் வரையேனும் அது தாயோடும் உடன்பிறந்தவற்றோடும் இருத்தல் வேண்டும். ஒன்றையொன்று கடித்து விளையாடுகையில், வலிக்கக் கடித்தால் மற்றது கத்திக்கொண்டு விலகிப்போகும் என்பதை அக்காலத்திற்றான் குட்டி அறிகிறது. அதனை அறியாத குட்டி பின்னர் நம் பிள்ளையின் கையைக் கடிக்கும்போது, தவறு குட்டியினுடையதன்று. மூன்றாம் வாரத்திலிருந்து பதினான்காம் வாரம் வரையிலான பருவத்தில் அது எவற்றையெல்லாம் அமைதியாகக் கண்டும் கேட்டும் பழகுகின்றதோ, அவற்றையே தன் உலகமாக ஏற்றுக்கொள்ளும். கோயில் மேளமும், திருவிழா வெடியும், ஆட்டோவின் இரைச்சலும், சீருடையணிந்து போகும் பிள்ளைகளின் கூச்சலும் அந்தப் பருவத்தில் அதன் செவியில் விழுதல் நன்று. தெரிந்தெடுக்கும் வேளையில், ஓடிவந்து நம் காலை நக்குகின்ற குட்டியையே எடுக்கவேண்டுமென்பதில்லை; எனினும் மூலையில் ஒடுங்கிக் கிடந்து எழும்பவே மாட்டேனென்கிற குட்டியைப் பரிதாபத்தால் மட்டும் எடுப்பவர், அது நோயுற்றிருக்கக்கூடும் என்பதை அறிந்தே எடுக்க வேண்டும். கண்ணிலும் மூக்கிலும் சளி வடிகின்றதா, முரசு வெளிறியிருக்கின்றதா, உடல் மெலிந்திருக்க வயிறு மட்டும் பானைபோல் உப்பியிருக்கின்றதா, காதின் உட்புறத்தில் உண்ணி அப்பியிருக்கின்றதா என்று பகல் வெளிச்சத்திற் பார்த்தல் வேண்டும். உப்பிய வயிற்றுக்குக் காரணம் பெரும்பாலும் பூச்சியே. அது மருந்தாற் போகும். போக்காதுவிட்டால் மணலில் விளையாடும் பிள்ளைகளுக்கும் தொற்றும்.

வெளிநாட்டு இன நாய்களைப் பற்றி ஒரு வார்த்தை கூறாமல் இருக்க முடியவில்லை. பிள்ளைகள் கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் குடியேறிவிட, பெரிய மதில் கட்டிய வீட்டில் முதிய தாயும் தகப்பனும் தனித்திருக்கும் நிலை கல்லடியிலிருந்து களுவாஞ்சிகுடி வரை இன்று சாதாரணமாகிவிட்டது. பெற்றோரின் பாதுகாப்பை எண்ணிக் கலங்கும் மகன் அங்கிருந்து பணம் அனுப்பி ஒரு ரொட்வைலரையோ அல்சேஷனையோ வாங்கச் செய்கிறான். அவனுடைய அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயின், முழுதும் வளர்ந்தபின் முப்பது நாற்பது கிலோவும் அதற்கு மேலும் நிறைகொள்ளக்கூடிய அந்த நாயைச் சங்கிலியிற் பிடித்து நடப்பதற்கு எழுபது வயதுத் தாய்க்கு வலுவுண்டா, பழக்குவதற்கு ஆளுண்டா என்று எவரும் கேட்பதில்லை. ஈற்றில் அது இரவும் பகலும் இரும்புக் கூட்டுக்குள்ளோ குறுகிய சங்கிலியிலோ கிடந்து, தனக்குச் சோறு வைப்பவரைக்கூட நம்பாத ஒரு பிராணியாக மாறுகின்றது. பனிநாட்டுக்கென உரோமம் அடர்ந்த ஹஸ்கியைக் கொண்டுவந்து, வைகாசி ஆனி மாதங்களின் கச்சான் காற்றில் மூச்சிரைக்க வைப்பதைக் கண்டும் நான் வருந்தியிருக்கிறேன். நமது ஊர் நாயோ இந்த வெயிலிலும் இந்த மண்ணிலும் பல தலைமுறையாகப் பிறந்து தேர்ந்தது; மெல்லிய உரோமமும், நடுத்தர உடலும், சோறும் மீனும் செரிக்கும் வயிறும் உடையது; முதியோராலும் பிடித்து நடத்தக்கூடியது. அதன்மேல் இன்னொன்றும் உண்டு: அது நம் அயல் வீட்டிலேயே, உரப்பைக்குக் காத்துக்கொண்டு கிடக்கிறது.

குட்டியை வீட்டுக்குக் கொண்டுவரும் முன், வளவைப் பற்றியும் விசாரித்துக்கொள்ள வேண்டும். அண்மையில் அந்த வளவில் இன்னொரு குட்டி இரத்தக் கழிச்சல் கண்டு இறந்திருக்குமாயின், அந்நோயைத் தரும் பார்வோ என்னும் வைரஸ் அந்த மண்ணில் பல மாதங்கள் உயிரோடிருக்கக்கூடும். ஊசி முற்றுப்பெறாத புதுக்குட்டியை அங்கே இறக்குவது அதனை மரணத்தின் வாயில் இடுவதாகும். ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நான்கு வார இடைவெளியில், ஏறத்தாழப் பதினாறு வாரம் வரை தொடர்ந்து ஏற்றப்படும் ஊசிகள் இந்நோயையும் ஏனைய சில நோய்களையும் தடுக்கும். விசர்நாய்க்கடிக்குரிய ஊசி இதனின் வேறு. அதனை எப்போது ஏற்றுவதென்று மிருக வைத்தியரிடம் கேட்டு, பின்னர் ஆண்டுதோறும் தவறாது ஏற்றிவர வேண்டும். முதலிரண்டு மூன்று இரவுகள் குட்டி அழும். தாயின் சூட்டையும் மணத்தையும் இழந்த சிறு ஜீவன் அழாமல் என்ன செய்யும்? அதனைக் கோடிப்புறத்திற் கட்டிவிட்டுக் கதவை அடைத்துக்கொள்ளாமல், ஆட்கள் படுத்திருக்கும் இடத்துக்கு அருகே, தாய் படுத்திருந்த பழஞ்சாக்குத் துண்டொன்றை விரித்துப் படுக்கவைத்தால், சில நாட்களில் அமைதியடையும். நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை சிறிது சிறிதாக உணவிட வேண்டும். உறைப்புக் கறியும் வெங்காயமும் முள்ளோடு கூடிய மீனும் ஆகா.

குட்டிதானே என்ற அலட்சியம் மாத்திரம் கூடவே கூடாது. ஊசி ஏற்றப்படாத தாயினிடமிருந்தோ தெருவிலிருந்தோ வந்த குட்டிக்கும் விசர்நோய் இருக்கலாம். அதன் பாற்பல் பட்ட சிறு கீறலாயினும், ஓடும் நீரிற் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். மஞ்சளைப் பூசிவிட்டுப் பார்த்திருப்பது பேராபத்து. அறிகுறி வெளிப்பட்டபின் அந்நோயிலிருந்து மீட்பதற்கு வைத்தியம் இல்லை.

அயலாரைப் பற்றியும் நாம் எண்ண வேண்டும். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் பெருந்தெருவில் தமிழ்க் கிராமங்களும் முஸ்லிம் ஊர்களும் மாறி மாறி அமைந்திருக்கின்றன; நாய்க்கு அந்த எல்லை தெரியாது. நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவித் தூய்மை செய்யவேண்டுமென்ற நியமத்தைப் பேணுகின்ற குடும்பத்தின் முற்றத்தில் நம் நாய் சென்று நக்கித் திரியுமாயின், அது அவர்களுடைய தொழுகைக்கும் அன்றாட வாழ்வுக்கும் நாம் செய்யும் இடையூறாகும். தாகித்த நாய்க்கு நீர் அருந்தக் கொடுத்தவர் இறைவனின் மன்னிப்பைப் பெற்றார் என்று அவர்களுடைய மார்க்கம் போதிக்கின்றது. அவர்கள் விரும்புவது நாயின் அழிவையன்று, அதன் எல்லையையே. வேலியைச் செப்பனிட்டு, வெளியிற் கொண்டுசெல்லும்போது கயிற்றிற் பிடித்துச் செல்வது நாய் வளர்ப்போரின் கடமை.

ஒரு நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் நம்முடன் வாழும். அவ்வளவு நீண்ட காலத்தில் இந்தப் பிரதேசம் என்னென்ன காணும் என்பதை நம்முடைய சரித்திரமே கூறுகிறது. 1978ஆம் ஆண்டின் சூறாவளியிலும், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையிலும், வாகரையும் படுவான்கரையும் இடம்பெயர்ந்த யுத்த நாட்களிலும், 2011ஆம் ஆண்டின் பெருவெள்ளத்திலும், உயிர்தப்பி ஓடியவர்களின் பின்னால் சங்கிலியோடு நின்ற நாய்கள் எத்தனையோ. அத்தகைய வேளையிற் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவரை எவரும் குறைகூற முடியாது. ஆனால், மாரி தொடங்குமுன்னரே சங்கிலியைக் கழற்றிக் கழுத்துப்பட்டியோடு மட்டும் விட்டுவைப்பதும், வெள்ளம் ஏறினால் நாயை எங்கே கொண்டுபோவது என்று வீட்டில் எல்லோரும் கூடி முன்கூட்டியே பேசிவைப்பதும் நம்மால் இயலாதவை அல்ல. மகள் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போய்விட்டாலும், மகன் வெளிநாடு போய்விட்டாலும் நாயைப் பார்ப்பவர் யார் என்பதும் அதே பேச்சில் முடிவாக வேண்டும். பிள்ளையின் பிடிவாதத்துக்காக வாங்கப்பட்ட குட்டி கடைசியில் அம்மம்மாவின் தலையில் விழுவதையே நாம் காண்கிறோம்.

உள்ளூராட்சி மன்றங்களிடமும் அரசாங்க மிருக வைத்தியப் பகுதியினரிடமும் கேட்கவேண்டியது ஒன்றுண்டு. 1901ஆம் ஆண்டின் சட்டம் சொல்லும் பதிவை வெறும் கட்டணம் வாங்கும் சடங்காக விட்டுவிடாமல், பதியும்போதே ஊசியும் கருத்தடையும் உறுதிப்படுமாறு செய்தல் வேண்டும். கருத்தடை செய்த பெட்டைக்குப் பதிவுக் கட்டணமே வேண்டாமென விலக்களித்தாலும் தகும். கருத்தடை முகாம்கள் மட்டக்களப்பு நகரின் புளியந்தீவிலும் கல்லடியிலும் மட்டும் நடந்தாற் போதாது. 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறந்தபின் வாவியைக் கடப்பது இலகுவாயிற்றெனினும், வெள்ளாவெளியிலும் வவுணதீவிலும் உள்ள ஒரு கூலி விவசாயி பெட்டை நாயொன்றை ஆட்டோவில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டுவந்து திரும்புவதற்கு ஒரு நாட் சம்பளத்தையே இழக்க நேரிடும். ஆதலால் வைத்தியர் குழு கிராமத்துக்குச் செல்ல வேண்டும். கிராம உத்தியோகத்தர் மூலம் நாட்குறித்து முன்னறிவித்து, மாரி மழை இறங்கி வயற்பாதைகள் நீரில் மூழ்குவதற்கு முன், ஆவணி புரட்டாதி மாதங்களிலேயே அம்முகாம்களை முடித்துக்கொள்ள வேண்டும்.